குழாய் வழியே தெரிந்த ஏலரிசி

எங்கள் நர்சிங் ஹோமில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் ஓர் ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்பக்கத்தில் டாக்டரின் வாழ்த்துரை, பின்பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் நான் எனிமாவைப் பற்றி எழுத வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போடியில் பாதிப் பேருக்கு நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றாள் ஒரு பெண். சொல்லும்போது அவள் சிரிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நோயாளிகளின் பெயரை மாற்றி எழுதலாம் என்றால் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு. பெருங்குடலை முழுவதும் பார்க்கிற வளையும் குழாய் ஒன்றை இங்கேயே வாங்கப் போவதாகப் பேச்சு. இனி மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. அந்தக் குழாய்க்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. இருந்தது ஒரு இரும்புக் குழாயும் நானும்தான். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்து, வயதுக்கு முன்பே வேலையை விட்டவன் நான். குழாய் மட்டும் இன்னும் அலமாரியில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தபோது, மருந்து கொடுக்கிற ஜன்னலில் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஜன்னலில் இருப்பவன் பேச வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முகம் பார்த்துப் பெயர் கேட்கவே தயங்குவேன். டாக்டர் ஜெயசீலன் இரண்டு நாள் என்னைக் கவனித்துவிட்டு, இவன் வெளியே போய் எதையும் பேச மாட்டான், பின்னறைக்கு இவன்தான் ஆள் என்று முடிவு செய்தார். இப்படியாக, யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு, காலையில் எத்தனை தடவை போனீர்கள், என்ன நிறத்தில் போனீர்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிற வேலை கிடைத்தது.

பின்னறை என்பது குடல் சம்பந்தப்பட்ட சோதனைகள் நடக்கும் அறை. வேலை எளிதாகத்தான் இருந்தது. சோதனைக்கு முந்தைய நாள் கஞ்சித்தண்ணீர் மட்டும். மாலையில் விளக்கெண்ணெய். காலையில் எனாமல் குவளையை ஆணியில் மாட்டி, ரப்பர் குழாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. குவளையை உயரத்தில் மாட்டினால் வேகமாக இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தாழ மாட்டினால் நோயாளி பொறுமை இழந்துவிடுவார். போன தண்ணீர் தெளிவாகத் திரும்பி வருகிற வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். தெளிவா இல்லையா என்று சொல்வது என் பொறுப்பு. வேறு எந்த விஷயத்திலும் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் டாக்டர் பின்னறைக்கு வந்து, "மேசை மேல ஏறு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. முழங்காலையும் முழங்கையையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, நோயாளிகள் இருக்கிற மாதிரியே இருக்கச் சொன்னார். வேட்டி சட்டையோடுதான். இருந்தாலும் மானம் போன மாதிரி இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் காப்பி குடித்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் நான் அப்படியே இருந்தேன். பிறகு எப்படி இருந்தது என்றார். குளிர்கிறது சார், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை சார் என்றேன். அவ்வளவுதான் தெரிய வேண்டியது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மேசையில் ஒரு கம்பளி இருந்தது. நடுவில் மட்டும் துளை வைத்துத் தைத்த ஒரு போர்வை இருந்தது. நான் எப்போதும் நோயாளியின் தலைப்பக்கம், முகம் தெரிகிற இடத்தில் நின்றேன்.

டாக்டரின் வழக்கங்களைச் சொல்ல வேண்டும். இரும்புக் குழாயை வெந்நீரில் போட்டு எடுத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். முகம் சுளிக்காமல் இருந்தால்தான் நோயாளிப் பக்கம் திரும்புவார். தொடுவதற்கு முன்னால், இப்போது தொடப்போகிறேன் என்பார். காற்று ஊதுவதற்கு முன்னால், இப்போது காற்று ஊதுவேன், வெளியே போகிற மாதிரி இருக்கும், போகாது என்பார். சில சமயம் போய்விடும். அதைக் காதில் வாங்காத மாதிரி, இந்த வருஷம் மழை எப்படி என்று விசாரிப்பார். பின்னறைக்குள் அவர் ஒருநாளும் வேடிக்கைப் பேச்சு பேசியதில்லை. வெளியே வந்து கை கழுவும்போது பேசுவார்.

குடலைப் பற்றி மலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்குவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி இறங்குகிறவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. "பெருங்குடல்ங்கிறது நம்ம மெட்டு ரோடுதான். கீழ முந்தல், மேல மெட்டு. நடுவுல வளைவு. என் குழாய் வளையாது. முந்தல் வரைக்கும்தான் போவும்" என்பார். அதற்கு மேலே என்ன ஆகும் டாக்டரே என்று ஒரு மேஸ்திரி கேட்டபோது, அதற்கு மேலே கேரளா என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

மலை ஆட்களுக்கு எங்களை விடக் கூச்சம் குறைவு. மலத்தைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னால், கொஞ்சம் கொண்டுவந்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பால்பவுடர் டப்பா நிறையக் கொண்டுவந்த பெண் ஒருத்தி உண்டு. ஜீப்பில் கூட வந்தவர்கள் பாதி வழியில் அவளை டாப்பில் ஏற்றிவிட்டார்களாம். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். "நல்லா காத்தாட வந்தேன் சேட்டா" என்றாள். சரியாகச் சொன்னால், கூச்சம் எல்லாம் கீழே இருக்கிற வசதிக்காரர்களுக்குத்தான். அதில் முதல் ஆள் சௌந்தரபாண்டி.

சௌந்தரபாண்டி ஏலக்காய் தரம் பார்க்கிறவர். பெரிய வியாபாரிகளே அவரைக் கேட்டுத்தான் விலை சொல்வார்கள். காயைக் கையில் உருட்டி, உரித்து, உள்ளே இருக்கிற கறுப்பு விதையை, அதை ஏலரிசி என்போம், பல்லில் வைத்து ஒரு கடி கடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் தோட்டத்துக் காய், காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் எதில் காய்ந்தது, சூடு அதிகமா குறைவா என்று சொல்லிவிடுவார். ஏலத்தில் கூவிக் கூவிப் பழகியதால், ரகசியத்தைக்கூடத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களில் அவருடைய அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு பானை மாதிரி இருந்தது. நெடுநாளாக ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று சொல்லிக்கொண்டு துத்திக்கீரை தின்றுகொண்டிருந்திருக்கிறார். டாக்டர் வயிற்றைத் திறந்தார், மூடினார். அந்த மனிதர் சில வாரங்கள்தான் இருந்தார். அப்பாவும் இப்படியே வயிறு அடைத்துத்தான் செத்தார் என்று அப்போதுதான் குடும்பத்தில் சொன்னார்கள். கை கழுவும் இடத்தில் டாக்டர் வெகுநேரம் நின்றார். "ரெண்டு பேரு போயாச்சு. தம்பி ஒருத்தன், தேவாரத்துல கட்டிக் குடுத்த ஒரு தங்கச்சி, ரெண்டு பேரு மிச்சம். அந்த ரெண்டு பேரையும் நான் பாத்தாகணும்" என்றார்.

வலி வந்தவனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வது சுலபம். ஒரு கேடும் இல்லாமல் கறிச்சோறு தின்றுகொண்டிருப்பவனை, உன் குடலை நான் பார்க்க வேண்டும் என்று கூப்பிடுவது, சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. வருஷக்கணக்காக டாக்டர் சௌந்தரபாண்டியைக் கூப்பிட்டார். அவர் வருவார். நல்ல பச்சை ஏலக்காய் ஒரு பொட்டலம் மேசைமேல் வைப்பார். மழையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். குடும்பத்தில் இதைக் குலதெய்வக் குற்றம் என்று முடிவு கட்டிக் கிடா வெட்டினார்கள். வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வெட்டிவிட்டு இங்கேயும் வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெட்டிய கறியில் டாக்டருக்கு ஒரு பங்கு வந்தது. ஆள் வரவில்லை.

கடைசியில் அவருடைய மனைவி பேச்சியம்மாள்தான் இழுத்துக்கொண்டு வந்தார். எண்பதுகள் பிறந்துவிட்டன. முதலில் எங்கள் இரும்புக் குழாயால் பார்த்தோம். மேசையில் முழங்கால் ஊன்றியிருந்த நேரம் முழுக்க சௌந்தரபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். தான் பார்க்காவிட்டால் யாருமே பார்க்கவில்லை என்று கணக்கு. ஒன்றும் இல்லை என்றதும் எழுந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு, வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி, "டாக்டரே பாத்துட்டாரு. பளிச்சுன்னு இருக்காம்" என்றார்.

டாக்டர் அவரைத் திரும்பவும் உள்ளே கூப்பிட்டார். பார்த்தது முந்தல் வரைக்கும்தான், மெட்டு முழுக்க இன்னும் பாக்கி என்றார். மதுரையில் ஒரு டாக்டரிடம் வளைந்து போகிற நீளமான குழாய் வந்திருக்கிறது, கடைசி வரைக்கும் போகும், அங்கே போக வேண்டும் என்றார். சௌந்தரபாண்டியின் முகம், சொத்தைக்காயைக் கடித்த மாதிரி ஆனது.

ஆனாலும் பேச்சியம்மாள் விடவில்லை. நாள் குறித்தோம். ஏலக்காய் வரத்து அதிகமாக இருந்த பருவம் அது. முன்கூட்டியே வந்து படுக்க முடியாது, வீட்டிலேயே பத்தியம் இருக்கிறேன் என்றார். மூன்று நாள் பழம், கீரை, விதை உள்ள எதுவும் ஆகாது, கடைசி நாள் கஞ்சித்தண்ணீர்தான் என்று வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பேச்சியம்மாள் காவல் இருந்தார். கடைசி நாள் வீட்டில் சௌந்தரபாண்டி ஒரு பருக்கை தின்னவில்லை என்பதற்கு நானே சாட்சி. விளக்கெண்ணெய் கொடுத்தேன். காலையில் தண்ணீர் கொடுத்தேன், தெளிவாக வந்தது. அது கீழ்ப்பகுதிக்குத்தான் சாட்சி என்பது பிறகுதான் தெரிந்தது. காரில் அவரையும் பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் வயதில் சின்னவர். கறுப்பாக, பாம்பு மாதிரி நீளமான குழாய். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். தூக்கம் வருகிற ஊசி ஒன்று போட்டார்கள், ஆனால் சௌந்தரபாண்டி முழுதாகத் தூங்கவில்லை. நான் தலைப்பக்கம் நின்றேன். குழாய் கொஞ்ச தூரம் போனதும் மதுரை டாக்டர் நிறுத்தினார். தண்ணீர் பீய்ச்சினார். மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இவருக்கு என்ன கொடுத்தீர்கள், சுவர் பூராவும் கறுப்பாகப் புள்ளி ஒட்டியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றார்.

அரைத் தூக்கத்தில் இருந்த சௌந்தரபாண்டிதான் பதில் சொன்னார். "ஏலரிசியா இருக்கும்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"திங்கல டாக்டரே. சோலிக்காகக் கடிச்சேன்."

அதுதான் நடந்தது. பத்தியம் இருந்த நாட்களிலும் அவர் கடைக்குப் போயிருக்கிறார். போனால் மாதிரிக் காய் பார்க்க வேண்டும். பார்த்தால் கடிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு காய், காலையிலிருந்து இருட்டும் வரைக்கும். கடித்ததைத் துப்பினால் கடைசிக் காரம் தெரியாது என்பதால் விழுங்கிவிடுவாராம். அதைச் சாப்பாடு என்று அவர் நினைத்ததே இல்லை. தையற்காரர் ஊசியைப் பல்லில் கடிப்பதைச் சாப்பாடு என்று யாராவது சொல்வார்களா என்று காரில் வரும்போது என்னிடம் கேட்டார். போடியில் எந்த வியாபாரியைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் பேசியிருப்பார்.

மதுரை டாக்டர் சோதனையை நிறுத்திவிட்டார். சுத்தமாகத் தயார் செய்து இன்னொரு நாள் கூட்டி வாருங்கள் என்றார். விஷயம் எங்களுக்கு முன்னால் போடிக்கு வந்துவிட்டது. சௌந்தரபாண்டியின் வயிற்றுக்குள் ஏலத்தோட்டம் இருக்கிறது, டாக்டர் பறிப்புக்கு ஆள் தேடுகிறார் என்று மார்க்கெட்டில் பேசினார்கள். அவருக்கு முதலில் கோபம். பிறகு அதுவே வசதியாகிவிட்டது. பார்க்க விடாமல் சாமியே மறைத்துவிட்டது, இனி பார்க்கக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த நாள் குறிப்பதற்கு டாக்டர் என்னை அவர் கடைக்கு அனுப்பினார். பேசத் தெரியாதவனை ஏன் அனுப்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை. போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். சௌந்தரபாண்டி என்னைப் பார்த்ததும், "தம்பி, வந்த சோலி தெரியும். போயிட்டு வாங்க" என்றார். நான் போகவும் இல்லை, பேசவும் இல்லை. சாப்பாடு கொண்டுவந்த பேச்சியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, மூட்டைக்கு மேல இருக்கிற காயப் பாத்துட்டு வெல சொல்லிருவீகளா?"

"எவன் சொல்லுவான்? அடி வரைக்கும் கைய விட்டுப் பாப்பேன்."

"ஒங்க அண்ணே ஒருத்தரு அடியில சொத்தையா இருந்துதான போனாரு. இதுல மட்டும் மேல பளிச்சுன்னு இருக்குன்னு ஊருக்குச் சொல்லிட்டுத் திரியுறீக."

"இது மூட்டையாடி?"

"மூட்டைன்னா நட்டத்த நீங்க குடுப்பீக. இதுக்கு நட்டத்த நான்ல குடுக்கணும்."

சௌந்தரபாண்டி கையில் வைத்திருந்த காயைத் தட்டில் போட்டார். என்னிடம், எப்போது வர வேண்டும் என்றார். நான் அன்று பேசியது அதற்குப் பதிலாக ஒரு கிழமையின் பெயர் மட்டும்தான். ஆனால் நான் போய்ப் பேசித்தான் அவர் சம்மதித்ததாக நர்சிங் ஹோமில் இன்றுவரை சொல்கிறார்கள். மறுக்க எனக்குக் கூச்சம்.

இந்தத் தடவை டாக்டர் அவரை எங்களிடமே படுக்க வைத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, பாக்கெட் இல்லாத பனியன் கொடுத்தேன். கழற்றிய சட்டைப் பையில் ஒரு பிடி காய் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான், அதை ஒன்றும் செய்ய மாட்டேன் என்றார். வாங்கிக்கொண்டேன். என் வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். மதியத்துக்குப் பிறகு வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். நோயாளியைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் எல்லார் மடியிலும் காகிதத்தில் பொதிந்த ஏலக்காய் இருந்தது. ஒரே ஒரு கடி, சொல்லிவிட்டால் போய்விடுவோம், நாளைக்கு ஏலம் இருக்கிறது என்றார்கள். ஊரில் பாதிக் கடைக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் முன்னால் நான் நிமிர்ந்து நின்றதுகூடக் கிடையாது. கதவை அடைத்துக்கொண்டு, கூடாது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் கதவை விட்டு நகராமல் நின்றேன். உள்ளேயிருந்து சௌந்தரபாண்டி சமரசம் சொன்னார். "கடிக்கல தம்பி. மோந்து பாக்குறேன். மோந்தா ஒட்டாதுல்ல?"

டாக்டரைக் கேட்டேன். மோந்து பார்க்க வைத்திய சாஸ்திரத்தில் தடை இல்லை என்றார். ஜன்னல் வழியாகக் காய் போனது. அவர் மோந்து மோந்து விலை சொன்னார். கடிக்காமல் சொன்னதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு காயும் திரும்பி வெளியே போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதுரையில் குழாய் தடையில்லாமல் போனது. ஒரு வளைவில் திரும்ப மறுத்தது. என்னை அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தச் சொன்னார்கள், திரும்பியது. சௌந்தரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மேலே போன பிறகு மதுரை டாக்டர் குழாயை ஓரிடத்தில் நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்காமல், இருக்கிறது என்றார். குடல் சுவரில் காம்போடு ஒரு சதை மொட்டு, கொண்டைக்கடலை அளவு. அவர் கம்பி வளையம் ஒன்றைக் குழாய் வழியாக விட்டு, மொட்டின் காம்பில் சுருக்கு மாதிரி மாட்டி, கரண்டு கொடுத்து அறுத்தார். நோயாளிக்கு வலி இல்லை. என் மணிக்கட்டில்தான் வலி.

அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று அப்போதுதான் தொடங்குகிற நிலை, காம்புக்குள் இறங்கவில்லை, எடுத்ததோடு போயிற்று என்று முடிவு வந்தது. விட்டிருந்தால் சில வருஷத்தில் அண்ணனுக்கு வந்ததுதான் என்று எங்கள் டாக்டர் சௌந்தரபாண்டியை உட்கார வைத்துச் சொன்னார். வருஷம் தவறாமல் வர வேண்டும், தங்கச்சியையும் கூட்டி வர வேண்டும் என்றார். சௌந்தரபாண்டி கை கூப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். வீட்டில் பெண்ணுக்குச் சின்னமனூரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம், குடும்பத்தில் இப்படி ஒரு சீக்கு இருக்கிறது என்று தெரிந்தால் வர மாட்டார்கள், வெளியே தெரிய வேண்டாம் என்றார். டாக்டர் என்னைக் காட்டி, இவன் சொல்ல மாட்டான் என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் சொன்னார், வேறு மாதிரி. மதுரைக்காரனும் பார்த்துவிட்டான், கடைசி வரைக்கும் பார்த்துவிட்டான், ஒன்றும் இல்லை, வீண் அலைச்சல் என்று மார்க்கெட் முழுக்கச் சொன்னார். அதை நம்பிப் பல பேர், அடுத்தாற்போல் டாக்டர் கூப்பிட்டபோது, சௌந்தரபாண்டிக்கே ஒன்றும் இல்லையாமே என்று வராமல் இருந்துவிட்டார்கள். அவர்களில் தேவாரத்துத் தங்கச்சி சின்னத்தாயும் ஒருவர்.

சின்னத்தாயை எங்கள் டாக்டரிடம் கொண்டுவரவே சௌந்தரபாண்டி படாத பாடு பட்டார். ஆனை வந்து சோளத்தை மிதித்துவிட்டது, போட்டது போட்டபடி வர முடியாது என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள். கடைசியில், சளிக்கு மருந்து வாங்கலாம் என்று பொய் சொல்லி அண்ணன் கூட்டி வந்துவிட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எதற்கு என்று தெரிந்தது. அந்த அம்மாள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பக்கம், சௌந்தரபாண்டி ஒரு பக்கம். சந்தை நாள், பெஞ்சு நிறைய ஆட்கள்.

"எனக்கு எதுக்குண்ணே? அப்பாவுக்கு வந்துச்சு, பெரியண்ணனுக்கு வந்துச்சு. அது ஆம்பளச் சீக்கு. ஒனக்கே ஒண்ணுமில்லைன்னுட்டாக. எனக்கு மட்டும் எங்கிட்டிருந்து வரும்?"

சௌந்தரபாண்டி உள்ளே போய்ப் பேசலாம் என்றார். அந்த அம்மாள் நகரவில்லை. வெரசா பஸ்சுக்குப் போகணும், மாடு கத்தும் என்று எழுந்தார். சௌந்தரபாண்டி பெஞ்சில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னால் எதுவும் செய்ய முடியாது, இவன் சொல்ல மாட்டான் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு இருந்துச்சு ஆத்தா."

அவருக்கு அதை மெதுவாகச் சொல்லத்தான் ஆசை. வரவில்லை. ஏலத்தில் விலை சொல்கிற அதே குரலில் வந்தது.

"அண்ணனுக்கு வந்த அதே எழவுதான். கடலத்தண்டி இருந்துச்சு. கம்பிய விட்டு அறுத்தாக. இல்லைன்னா அடுத்த கெடா எனக்குத்தான் வெட்டியிருப்பீக. ஊருக்குப் பொய் சொன்னேன். ஒங்கிட்டயும் சொன்னேன்."

சின்னத்தாய் உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னிடம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த வாரம் மதுரையில் அவருக்கும் பார்த்தார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒன்றுமே இல்லை. காரில் திரும்பி வரும்போது சௌந்தரபாண்டி நிம்மதியாக மூச்சு விட்டார். சின்னத்தாய் விடவில்லை. ஒன்றுமில்லாததற்கா என்னை இத்தனை விளக்கெண்ணெய் குடிக்க வைத்தாய், மாட்டை விட்டுவிட்டு வந்தேன், மானம் போயிற்று என்று ஆண்டிபட்டியிலிருந்து போடி வரைக்கும் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் சந்தை நாளில் சொன்ன வார்த்தை சாயங்கால பஸ்சிலேயே சின்னமனூர் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. பரிசம் போட வருவதாகச் சொன்ன நாள் வந்தது, ஆள் வரவில்லை. பேச்சியம்மாள் டாக்டரிடம் வந்து, என் பெண்ணுக்கும் வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், வயது ஏறும்போது பார்த்துக்கொண்டே இருந்தால் வந்தாலும் பயமில்லை என்றார் டாக்டர். இதைச் சின்னமனூரில் யார் போய்ச் சொல்வது என்று கேட்டுவிட்டுப் பேச்சியம்மாள் போனார்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், வராந்தா காலியாக இருந்தபோது ஒரு பெரியவர் பின்பக்கமாக வந்தார். வெள்ளை வேட்டி, தங்கக் கடிகாரம். நான் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்த ஒருவருக்கு ரொம்ப நாளாக ரத்தம் போகிறது என்றார். பின்னறைக்கு முதல் தடவை வருகிற எல்லாரும் தெரிந்த ஒருவருக்காகத்தான் வருவார்கள். அந்த ஒருவரை வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அது தான்தான் என்றார். மூலம் என்று இருந்துவிட்டாராம். சௌந்தரபாண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து தூக்கம் இல்லையாம். ஊர் எது என்று கேட்டேன். சின்னமனூர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் மாப்பிள்ளைக்கு அப்பன். பரிசத்துக்கு வராததும் இதாலதான். பொண்ணு வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம் தம்பி. தெரிஞ்சா சம்பந்தமே வேணாம்னுருவாக."

அவருக்கும் எல்லாம் செய்தோம். அவருக்கு இருந்தது மூலமேதான். மூலம் என்று கேட்டு அப்படி மகிழ்ந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. அந்த மாதமே பரிசம் போட்டார்கள்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் ஏறினேன். இரண்டு பேரும் என்னை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஒருவர் சந்தனத்தட்டை நகர்த்தி வைக்கப் போனார். மற்றவர் மேளக்காரரிடம் எதையோ கேட்கப் போனார். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பின்னறைக்காரனை நேருக்கு நேர் பார்க்கிறவர் யாரோ, அவருக்குத்தான் மறுபடியும் ஏதோ தொந்தரவு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு பேரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.